ஒரு திராட்சை, நாலு துண்டு

ஆபீஸில் எட்டுப் பேருக்கு வேலை சொல்கிறவன் நான். ஒன்றரை வயசுப் பையனுக்குப் பழம் கொடுக்கத் தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாள். "நாலு மணிக்கு ஏதாவது பழம் குடுங்க. பிஸ்கட் வேண்டாம்."

"ஃப்ரூட் சாலடே பண்ணிடறேன். நீ போயிட்டு வாம்மா!"

ஆப்பிளை நறுக்கினேன். வாழைப்பழத்தை வட்ட வட்டமாக வெட்டினேன். அலங்காரத்துக்கு மேலே முழுசு முழுசாகப் பன்னீர் திராட்சை. ஸ்டார் ஓட்டல்காரன் தோற்றான்! சர்க்கரை டப்பாவை எடுக்கத் திரும்பினேன். அந்த அரை நிமிஷத்தில் பயல் ஒரு திராட்சையை வாயில் போட்டுவிட்டான்.

அழுகை இல்லை. இருமல்கூட இல்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான். உதடு நீலம் பாய ஆரம்பித்தது.

அள்ளிக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். அங்கே ரிட்டயரான நர்ஸம்மா இருக்கிறார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பையனை வாங்கி, தலை தாழ்ந்திருக்கும்படி மடியில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினார். ஒன்று... இரண்டு... மூன்றாவதில் திராட்சை வெளியே வந்து விழுந்தது. பயல் வீறிட்டு அழுதான். அவ்வளவு இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதே இல்லை.

"டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடு தம்பி" என்றவர், பிறகு பாடம் எடுத்தார்.

"திராட்சை உருண்டையா, வழவழன்னு இருக்கும். தொண்டையில கார்க் மாதிரி அடைச்சுக்கும். கடைவாய்ப்பல்லே சரியா முளைக்கலை, எப்படி அரைப்பான்? அஞ்சு வயசு வரைக்கும் கொட்டையை எடுத்துட்டு நீளவாக்கில நாலா நறுக்கிக் குடு. ஆப்பிளைத் தோல் சீவி, இட்லித் தட்டுல வச்சு, விரலால நசுக்கினா மசியற வரைக்கும் வேகவை. வாழைப்பழத்தை மசிச்சாப் போதும். சப்போட்டான்னா கொட்டை ஒண்ணு விடாம எடுத்துடணும். சர்க்கரை எதுக்கு? பழமே இனிப்புதானே! ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைன்னா தேனும் கூடாது. உக்கார வச்சுக் குடு. முடியற வரைக்கும் கண்ணை அங்க இங்க எடுக்காதே."

ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் பையனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் நாலு மணிப் பழம் என் டிபார்ட்மென்ட். போன வாரம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்தால், எனக்கும் திராட்சை நாலு நாலாக நறுக்கி வைத்திருந்தது. போன் பண்ணி "என்னடி இது?" என்றேன்.

"உங்களுக்கும் இன்னும் முளைக்கலையே!" என்றாள்.