பெல்லி டான்ஸும் எங்கட சின்னமேளமும்

எகிப்தில் இந்த நடனத்துக்கு 'பெல்லி டான்ஸ்' என்று பெயரே இல்லை. 'ரக்ஸ் ஷர்கி' என்பார்கள்; கிழக்கத்திய நடனம் என்று அர்த்தம். கலியாண வீடுகளில் சாதாரண சனம் ஆடுவது 'பலதி'. 'எங்கட ஊர்' என்கிற மாதிரி ஒரு சொல். அதைச் சின்னப்பிள்ளைகளும் ஆடுவார்கள், அம்மம்மாக்களும் ஆடுவார்கள்.

வயிற்றை வைத்துப் பெயர் சூட்டியவர்கள் வெளியாட்கள். பிரெஞ்சுக்காரர் 'வயிற்று நடனம்' என்றார்கள். 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் 'கெய்ரோ வீதி' என்று ஒரு பகுதி போட்டு, காசுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டினார்கள். அதன்பிறகுதான் அந்தப் பெயர் அமெரிக்காவெங்கும் பரவியது. விவேகானந்தர் பேசிய அதே சிக்காகோ, அதே வருசம்.

மினுமினுக்கும் இரண்டு துண்டு உடுப்பும் ஆதிகாலத்து வழக்கம் இல்லை. 1920களுக்குப் பிறகு, பதியா மசாப்னி போன்றவர்கள் கெய்ரோவில் நடத்திய இரவு அரங்குகளில் பிரபலமானது அது. ஹாலிவுட் படங்களின் சாயலும் அதில் உண்டு. ஆட்டத்தில் வயிறு ஒரு பங்குதான். இடுப்பு, நெஞ்சு, தோள், கை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அசைக்கப் பழக வருசக்கணக்காகும்.

நாங்கள் இருப்பது பார்க்டேலில். ஜேம்ஸன் அவெனியூ அடுக்குமாடி ஒன்றில் நான் வளர்ந்த காலத்திலேயே பல நாட்டுச் சனமும் பக்கத்துப் பக்கத்துக் கதவுதான். அதனால் என் பதினான்கு வயது மகள் இந்த நடன வகுப்புக்குப் போகக் கேட்டது எனக்குப் புதினமாக இருக்கவில்லை. மாமிதான் கொதித்துப்போனா. "பரதநாட்டியம் பழகின பிள்ளை ஆம்பிளையளை மயக்கிற ஆட்டம் ஆடுறதோ?" என்று கேட்டா. மகள் ஒன்றும் பேசாமல் அறைக்குள்ளே போய்விட்டாள்.

நான் மாமியிடம் சின்னமேளத்தைப் பற்றிக் கேட்டேன். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் ஆடிய அந்தப் பெண்களை, ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே கூடாது என்றுதானே சொன்னோம்? தமிழ்நாட்டிலும் சதிருக்கு அதே கதி. 1930களில் சதிர் 'பரதநாட்டியம்' ஆனது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பழக வந்தார்கள். பரம்பரையாக ஆடிய பெண்களில் பலர் ஒதுங்கிப்போனார்கள். பாலசரஸ்வதி போல ஒரு சிலர்தான் உலக மேடைவரை நின்றுபிடித்தார்கள்.

எகிப்திலும் இதே கதைதான். கலியாணத்துக்கு ஆட்டக்காரியைக் கூப்பிடுவார்கள். தங்கள் வீட்டில் ஒருத்தி அதைத் தொழிலாக எடுத்தால் பொறுக்கமாட்டார்கள்.

மாமி உடனே மனம் மாறிவிடவில்லை. "அந்தச் சின்னமேளக்காரியள் நல்லாத்தான் ஆடுவினம்" என்று மட்டும் சொன்னா. மகள் இப்போது வகுப்புக்குப் போகிறாள். சாதாரண உடுப்பு, இடுப்பில் ஒரு சால்வை. நான் கேட்டது ஒன்றுதான்: அந்த நடனத்தின் சொந்தப் பெயரைச் சொல்லிப் பழகு.

உங்கட பிள்ளை கேட்டால் ஓம் என்பதும் இல்லை என்பதும் உங்கட விருப்பம். உடுப்பு, வயது, காசு, நேரம் எல்லாம் கதையுங்கோ. 'அது கூடாத ஆக்கள் ஆடுறது' என்று மட்டும் சொல்லாதேங்கோ. அந்த வசனத்தை எங்கட ஆட்டக்காரிகள் கேட்டது காணும்.