நெற்றிக் காயம் கற்றுத்தந்த பாடம்



செப்டம்பர் பிறந்துவிட்டது. கனடியப் பல்கலைக்கழகங்களின் ஆண்கள் ஐஸ் ஹொக்கி அணிகள் புதிய பருவத்துக்கு ஆயத்தமாகின்றன. நம் பிள்ளைகள் சிலரும் விடியுமுன் மட்டையைத் தோளிலிட்டுப் பயிற்சிக்குப் புறப்படுகிறார்கள். "இந்த விளையாட்டு அவனுக்கு என்னத்தைக் கற்றுத்தரும், சுவாமி?" என்று சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் வினவினார். அவருக்கான விடையை உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன்.

1963இல் வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், அருட்தந்தை டேவிட் பாவர் மாணவ வீரர்களைத் திரட்டிக் கனடாவின் ஒலிம்பிக் அணியை ஆயத்தப்படுத்தினார். கல்வியைக் கைவிடாமலே நாட்டுக்காக விளையாடலாம் என்பது அவரது உறுதி. படிப்பும் பனித்தளமுமாக அந்த இளைஞரின் நாள்கள் கழிந்தன.

1964இல் இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கில் சுவீடனுடன் ஆட்டம். எதிரணி வீரர் ஒருவரின் முறிந்த மட்டை தாக்கி, அருட்தந்தையின் நெற்றியில் குருதி வழிந்தது. பழிதீர்க்கத் துடித்த தம் வீரர்களை அவர் தடுத்து அமர்த்தினார். அவர்களும் கீழ்ப்படிந்தார்கள், ஆட்டத்தையும் 3–1 என வென்றார்கள். பின்னர் அந்தச் சுவீடன் வீரரையே அழைத்து, அருகில் அமர்த்தி, வேறோர் ஆட்டத்தைக் கண்டுகளித்தார் அருட்தந்தை.

அவ்வாண்டு கனடாவுக்குக் கிடைத்தது நான்காம் இடமே. ஆயினும் சினம் பொங்கிய கணத்தில் அடங்கி அமர, அந்த இளைஞர்கள் பயின்றிருந்தார்கள்.

பெற்றோரே, இந்த மாதம் அணித் தெரிவில் உங்கள் மகனின் பெயர் இடம்பெறலாம், விடுபடவும் கூடும். எவ்வாறாயினும், இரவு உணவு வேளையில் எத்தனை கோல் போட்டாய் என்று கேட்குமுன், "இன்று உன்னை இடித்தவனிடம் எப்படி நடந்துகொண்டாய்?" என்று கேளுங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.