டவர் இல்லாத சாலைக்கு ஒரு ரேடியோ



ஆஸ்திரேலியாவில் ஜூலை மாதப் பள்ளி விடுமுறை வரப்போகிறது. மெல்போர்னிலும் பெர்த்திலும் இருக்கும் நம் பிள்ளைகள் மூன்று குடும்பத்தினர், காரிலேயே அந்நாட்டின் நடுப்பகுதிக்குப் போய்வரத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நம் வாட்ஸ்அப் குழுவில், "சார், கையில் செல்போன் இருக்கும்போது வாக்கி டாக்கி எதற்கு? பசங்க விளையாடவா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் செல்போன். அந்நாட்டில் மக்கள் வாழும் இடங்களில் சிக்னல் நன்றாகவே கிடைக்கும். ஆனால் மக்கள் வாழும் இடம் ஓரங்களில்தான். உள்ளே போகப் போக, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டர் கூட இருக்கும். அங்கே டவர் கிடையாது. இன்னொன்று: சிக்னலே இருந்தாலும், உங்களுக்கு முன்னால் போகும் லாரி ஓட்டுநரின் நம்பர் உங்களிடம் இருக்காது. அந்தச் சாலையில் நீங்கள் பேச வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

அவர் ஓட்டுவது சாதாரண லாரி இல்லை. 'ரோடு ட்ரெய்ன்' என்பார்கள். ஒரு இழுவை வண்டிக்குப் பின்னால் மூன்று பெட்டிகள். மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை போகும். நம்மூர் அரசுப் பேருந்து நான்கை வரிசையாக நிறுத்தினால் கூட அதைவிடக் குறைவுதான்.

பத்தாம் வகுப்பில் செய்த சார்புத் திசைவேகக் கணக்கு நினைவிருக்கிறதா? அது 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 100இல் முந்துகிறீர்கள். வித்தியாசம் 20, அதாவது நொடிக்கு சுமார் 5.6 மீட்டர். அதன் நீளம், உங்கள் காரின் நீளம், முன்னும் பின்னும் ஐம்பது ஐம்பது மீட்டர் இடைவெளி எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 160 மீட்டர். முந்தி முடிக்க ஏறக்குறைய 29 நொடி ஆகும். அதற்குள் நீங்கள் 800 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே ஒரு வண்டி அதே 100இல் வந்தால் அதுவும் 800 மீட்டர் வந்திருக்கும். ஆக, 1.6 கிலோமீட்டருக்குச் சாலை காலியாக இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். மண் சாலையில் அதன் பின்னால் எழும் புழுதியில் 50 மீட்டர் கூடத் தெரியாது.

போன வருடம் மகள், மாப்பிள்ளையோடு ஊட்னடட்டா ட்ராக் என்ற மண் சாலையில் போனோம். மரீ என்ற ஊரிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர். வழியில் மாடுகளை ஏற்றிய ரோடு ட்ரெய்ன் ஒன்று முன்னால் போனது. மாப்பிள்ளை வண்டியை நன்றாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மகள் மைக்கை எடுத்து, "வடக்கே போகும் ரோடு ட்ரெய்ன், உங்கள் பின்னால் வெள்ளை கார், முந்த வேண்டும்" என்றாள். "பொறும்மா, எதிரே ஒரு வண்டி வருது" என்கிற மாதிரி அவர்கள் பாணியில் பதில் வந்தது. சற்று நேரத்தில் கேரவன் இழுத்த வண்டி ஒன்று புழுதிக்குள்ளிருந்து வந்து எங்களைக் கடந்து போனது. பக்கத்தில் வரும்வரை எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. பிறகு அவர் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்கி, "இப்போ வாங்க" என்றார். புழுதி அடங்கி, சாலை எங்களுக்கே தெளிவாகத் தெரிந்த பிறகுதான் முந்தினோம். அவர் சொல்வது தகவல். முந்தலாமா என்ற முடிவு ஸ்டீயரிங் பிடித்திருப்பவருடையது.

சரி, எதை வாங்குவது? அங்கே எல்லோரும் வைத்திருப்பது யுஎச்எஃப் சிபி ரேடியோ. 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 80 சேனல்கள். பரீட்சையோ தனி உரிமமோ தேவையில்லை. அதிகபட்சத் திறன் 5 வாட். காரில் பொருத்தி, வெளியே ஆன்டெனா வைத்த 5 வாட் செட்டையே வாங்குங்கள். கையில் பிடிக்கும் சிறிய செட்டைக் காருக்குள் வைத்துப் பேசினால் கார் உடம்பின் இரும்பே பாதி அலையைத் தடுத்துவிடும். இறங்கி நின்று, பள்ளத்தில் வண்டிக்கு வழி காட்டும்போது அந்தச் சிறிய செட் உதவும். அதனால் அது இரண்டாவது செட்டாக இருக்கட்டும்.

ஆன்டெனா வாங்கும்போது 3, 6, 9 டிபி என்று கடைக்காரர் கேட்பார். சப்பாத்தி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டை அதேதான்; அழுத்தினால் அகலம் கூடும், உயரம் குறையும். 9 டிபி ஆன்டெனா அலையைத் தட்டையாக வெகுதூரம் அனுப்பும், சமவெளிக்கு நல்லது. மேடு பள்ளத்தில் அது தலைக்கு மேலே போய்விடும். அங்கே 3 டிபி தேவலை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 6 டிபி வாங்குங்கள்.

சேனல்களை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். நெடுஞ்சாலையில் 40. நீங்கள் மூன்று வண்டியும் உங்களுக்குள் பேச 10, கேரவன்காரர்கள் 18. 5, 35 இரண்டும் ஆபத்துக்கு மட்டும். வேறு பேச்சு சட்டப்படி குற்றம். 22, 23இல் பேசக் கூடாது. 1 முதல் 8 வரையும், 31 முதல் 38 வரையும் ரிப்பீட்டருக்கானவை, அரட்டைக்கு எடுக்காதீர்கள். சுரங்கப் பாதைகளிலும் பெரிய பண்ணைகளின் வாசலிலும் எந்தச் சேனல் என்று பலகை வைத்திருப்பார்கள். அதைப் படித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பேசும் முறை வகுப்பில் நான் சொன்னதுதான்: முதலில் கவனி, பிறகு பேசு. பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் போகாது. எங்கே இருக்கிறோம், எந்தத் திசை, என்ன வண்டி, என்ன வேண்டும். அவ்வளவுதான். ஓட்டுபவர் பேச வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். மைக் சீட்டுக்கு இடையில் சிக்கிப் பொத்தான் அழுந்தியே கிடந்தால் சுற்றுவட்டாரத்தில் யாருமே பேச முடியாது. கொக்கியில் மாட்டி வையுங்கள். 40இல் சில நேரம் காது கூசும் வார்த்தைகளும் வரும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்காக அணைத்துவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான ஒன்று. இந்த ரேடியோ பக்கத்தில் இருப்பவரோடு பேசத்தான். சமவெளியில் ஐந்து முதல் பதினைந்து கிலோமீட்டர் வரை எட்டும். குன்று குறுக்கே இருந்தால் அதுவும் இல்லை. வண்டி நின்றுபோய், அந்தத் தூரத்துக்குள் யாரும் இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை. அதற்கு 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அவசர பீக்கன் ஒன்று வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு இலவசம். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்புக் குழுவுக்குத் தகவல் போகும். அவர்கள் வரும்வரை வண்டியை விட்டு நடக்காதீர்கள். வானத்திலிருந்து தேடுபவர்களுக்கு மனிதரைவிடக் கார்தான் முதலில் தெரியும். தண்ணீர் நிறைய வைத்திருங்கள்.

ஆசிரியன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இதே வெட்டவெளியில் 1928இல் பறக்கும் மருத்துவர் சேவையை ஜான் ஃப்ளின் தொடங்கினார். மருத்துவரைக் கூப்பிட வழி? மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளுக்காக, காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவை ஆல்ஃபிரட் ட்ரேகர் செய்தார். 1929இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பின்னாளில் அந்த ரேடியோ வலையிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமே என்று அடெலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர் யோசித்தார். 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வான்வழிப் பள்ளி தொடங்கியது. பல நூறு கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடந்த பிள்ளைகள் ஒரே வகுப்பாக இருந்தார்கள். அந்த ஊருக்குப் போனால் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியைக் காட்டுங்கள்.

மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு: ஒவ்வொரு நாட்டிலும் அலைவரிசையும் சட்டமும் வேறு. ஆஸ்திரேலியா செட்டை ஊருக்கு வாங்கி வந்து உபயோகிக்க வேண்டாம்.

புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிகளை இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நிறுத்திப் பேசிப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவராவது ஓட்டுபவர் தவிர இயக்கக் கற்றிருக்க வேண்டும். எந்த வழி, எந்த நாள் எங்கே தங்கல் என்று எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி போடுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.