பின்னாலிருந்து

சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்று நான் சொன்னேன். சத்தமே இல்லை என்றான் அண்ணன். 2022இல் தை தொடங்கிச் சித்திரை வரை எங்களுக்குள் நடந்த பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

வண்டி, 2018இல் அவன் பழைய வண்டியாகவே வாங்கிய ஒரு பிக்கப். விடிவதற்கு முன் காலியாகச் சிறுமலை ஏறி, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மண்டிக்கு இறங்குவது அதன் வேலை. பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த அச்சகத்தை 2020இல் மூடிவிட்டார்கள். அதன்பின் தார் எண்ணவும் கணக்கெழுதவும் அண்ணனோடு போய்வருகிறேன். கவிதையில் ஓசை பற்றி இரண்டு கட்டுரை எழுதி, நாலு பேரின் விரோதத்தையும் சம்பாதித்துக்கொண்டவன் என்ற முறையில் என் காதின் மீது எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதைக்கு இந்த வண்டியில் நேர்ந்த கதியையும் சொல்லத்தான் வேண்டும்.

சத்தம் பெரிதல்ல. இருட்டில் ஒரு குருவி இரண்டு தரம் கத்திவிட்டு நிறுத்திக்கொள்வது போல. காலி வண்டி ஏற்றத்தில் போகையில், பின்சக்கரம் ஒரு குழியில் விழுந்தெழுந்ததும் கேட்கும். சில வளைவுகளில் கேட்கும், சிலவற்றில் கேட்காது. தார் ஏற்றி இறங்கும்போது அறவே இல்லை. தொடர்ந்து கேட்டிருந்தால் பழகிப்போயிருக்கும். விட்டு விட்டுக் கேட்டதால், கேட்காத நேரத்திலும் அதற்காகவே காத்திருந்தேன். அண்ணனோ ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, "கதை எழுதுறவனுக்கு இல்லாததும் கேக்கும்" என்பான். நான் கதை எழுதுகிறவன் இல்லை என்பதை முப்பது வருஷமாக அவனுக்கு விளங்கவைக்க முடியவில்லை.

மண்டியில் வண்டி காலியானதும் நானே தேட ஆரம்பித்தேன். பின்கதவின் சங்கிலியைச் சாக்குத்துணியால் சுற்றினேன். அது அடங்கியதும் டூல்ஸ் பெட்டிக்குள் ஜாக்கி லிவர் உருளுவது கேட்டது. லிவரைக் கட்டினேன், ஸ்டெப்னி ஆடுவது கேட்டது. அதையும் முடுக்கிய பிறகு தார்ப்பாய்க் கொக்கிகள். ஒரு பழைய வண்டியில் எத்தனை சத்தங்கள் ஒன்றன் மறைவில் ஒன்றாகக் குடியிருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் இவை எல்லாமே நான் தேடாதவை. குருவி அதுபாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்த மெக்கானிக், வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்று தத்துவம் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்தவர் வண்டியை ஓட்டிப் பார்க்காமலே 'புஷ்தான்' என்று தீர்ப்புச் சொல்லி, நான்கு புஷ்களை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார். சத்தம் மாறவில்லை. அவர்மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்பே அதன் நோய்க்குப் பெயர் வைத்துவிடுகிற காரியத்தை நம்மில் பலரும் இலவசமாகவே செய்துவருகிறோம்.

மூன்றாமவர் திருச்சி சாலையில் ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு தனியாளாகப் பட்டறை நடத்துகிறவர். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னைக் கேள்வி கேட்டார். வேகம் கூடினால் சத்தத்தின் சுருதியும் கூடுகிறதா? கூடினால் டயரோ வீல் பேரிங்கோ. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு குரல், விடும்போது வேறு குரலா? அப்படியானால் ஹவுசிங்குக்குள் கிரவுன் பல். கிளட்சை விட்டு வண்டி புறப்படும் கணத்தில் 'டக்' என்று ஒரே ஒரு தட்டா? ஜாயிண்ட் கிராஸ். பிரேக் பிடித்தால் நிற்கிறதா? சுமை ஏற்றினால் என்ன ஆகிறது? சத்தம் எங்கே என்று அவர் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. எப்போது என்று மட்டுமே கேட்டார். தொல்காப்பியர் பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்லி, எந்த உறுப்பு எதைத் தொடும்போது எந்த எழுத்து பிறக்கிறது என்று வகுத்துப்போவது நினைவுக்கு வந்தது. உள்ளுக்குள் எழும் வளியிசையை மறைக்கு விட்டுவிட்டு, வெளியில் கேட்பதைத்தான் தாம் சொல்வதாக அந்த இயலின் கடைசியில் அவர் எல்லை கட்டிக்கொள்வார். பட்டறைக்காரரும் அப்படித்தான். என் சந்தேகங்கள், பயங்கள் எதையும் காதில் வாங்கவில்லை.

"முன்னால உக்காந்துக்கிட்டுப் பின்னாடி சத்தத்தைப் பிடிக்க முடியாது சார்" என்றார். இது அனுபவ வார்த்தை என்று நினைத்தேன். பிற்பாடு படித்துப் பார்த்ததில் சாஸ்திரமும் அதையே சொல்கிறது. ஒரு சத்தம் இரண்டு காதுகளையும் எட்டுவதில் ஏற்படும் கால வித்தியாசத்தைக் கொண்டும், வலுவின் வித்தியாசத்தைக் கொண்டும் அது வரும் திசையை அறிகிறோம் என்று ராலே பிரபு 1907இல் எழுதினார். அந்தக் கால வித்தியாசம் அதிகபட்சமே ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் எழும் சத்தங்கள் இரு காதுகளையும் ஒரே சமயத்தில் தொடுவதால், தலையைத் திருப்பாமல் அவற்றைப் பிரித்தறிவது கஷ்டம். போதாததற்குச் சத்தம் காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது என்றால் இரும்பில் 5000 மீட்டர் போகிறது. பின் அச்சில் பிறந்தது சேஸிஸ் வழியாக ஓடி என் இருக்கையின் அடியிலிருந்து ஒலிக்கும். நான்கு மாதம் நான் 'பின்னால்' என்று அடித்துச் சொன்னதற்கு என் காது ஆதாரமே அல்ல.

பட்டறைச் சாலையில் என்னைப் பின்தட்டில் படுக்கவைத்து மெதுவாக ஓட்டினார். தகரம் முழுக்கக் குருவி கத்தியது. எங்கிருந்து என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, அண்ணனைப் பின்சக்கரத்தின் அருகே நிற்கச் சொல்லி, என்னைத் தட்டில் ஏறிக் குதிக்கச் சொன்னார். அவர் கீழே திருப்புளியின் முனையை ஒவ்வொரு இரும்பிலும் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஆனால் கடைசியில் கண்டுபிடித்தது காதால் அல்ல. வலப்பக்கக் கமான் பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டின் நட்டைச் சுற்றிக் குங்குமம் போலத் துருப்பொடி. அதை ஒட்டி, நகக்கீறல் அளவுக்கு, புது இரும்பின் பளபளப்பு. அசையக் கூடாத இடத்தில் அசைவு. விரலில் தொட்டு அந்தப் பொடியை என்னிடம் காட்டினார்.

மார்கழியில் பட்டை ஒன்று முறிந்து வேறொரு பட்டறையில் புதிது போட்டிருந்தோம். புதுப் பட்டைகள் சில நூறு கிலோமீட்டர் சுமையோடு ஓடி, ஒன்றன் மேல் ஒன்று படிந்து உட்கார்ந்த பிறகு நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுமை ஏறினால் பட்டை தானாக அமுங்கிக்கொள்ளும், அதனால் மௌனம். இறுக்கிப் பிடிக்க ஆளில்லாமல், பட்டைக்கட்டின் நடுவே இருக்கும் சின்ன சென்டர் போல்ட் மொத்த இழுப்பையும் தாங்கிக்கொண்டிருந்தது. கழற்றினார். பாதிக்கு மேல் அறுபட்டிருந்தது. அது முழுக்க அறுந்தால் அச்சு தன் இடத்தைவிட்டு நகரும். இறக்கத்தில், முழுச் சுமையோடு, பிரேக் பிடிக்கும் நேரத்தில்தான் அது அறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்றார். சத்தம் கேட்காத இறக்கங்களில்தான் நான் நிம்மதியாக உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

போல்ட்டை அண்ணனிடம் நீட்டியவர் அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "நீங்க குதிக்கையில அண்ணன் காதுக்குப் பக்கத்துலயே கத்துச்சு சார். அவருக்குக் கேக்கல" என்றார்.

அண்ணன் 1995 முதல் 2017 வரை, 22 வருஷம், பல்லடத்துப் பக்கம் விசைத்தறியில் இருந்தவன். இரைச்சல் காதில் முதலில் அழிப்பது 4000 ஹெர்ட்ஸ் சுற்றிலுமுள்ள மேல் ஸ்தாயியை. குருவி, கொலுசு, இரும்பின் கீச்சு எல்லாம் அந்தப் பக்கம். உயிரெழுத்துகள் கீழே இருப்பதால் எதிராளி பேசுவது கேட்கும். வல்லினத்தின் கூர்மை போய்விடுவதால் பேசியது என்ன என்பது கலங்கும். தொலைபேசியோ வெகுகாலம் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிட்டுத்தான் குரலை அனுப்பியது.

2014 ஆவணியில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்த இரவு நான் அவனுக்குப் போன் செய்தேன். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்கே கிளம்பு, தாங்காது என்றேன். "சரிடா, சரிடா" என்று வைத்துவிட்டான். மறுநாள் மத்தியானம், அம்மாவைக் கிடத்தியிருந்த வாசலில், கையில் சாத்துக்குடிப் பையோடு வந்து நின்றான். அந்தப் பையை நான் எட்டு வருஷம் மன்னிக்கவில்லை. அவனும் எதற்கு என்று கேட்டதில்லை.

பரிசோதனையில் அவன் காதுகளின் வரைபடம் வலது பக்கம் சரிந்து விழுந்திருந்தது. கருவி வாங்கினோம். நான்கு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, வண்டி பூராவும் சத்தமாக இருக்கிறது என்று டாஷ்போர்டில் போட்டுவைத்திருக்கிறான். சாத்துக்குடி விஷயத்தை நான் இன்னும் பேசவில்லை. எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. உரக்கப் பேச வேண்டியிருக்கும்.

500 கிலோமீட்டர் கழித்து நட்டை மறுபடி இறுக்கக் கூப்பிட்டிருந்தார். பட்டறைக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அந்தச் சத்தம் எப்படிடா இருந்துச்சு?"

நாக்கை அண்ணத்தில் ஒட்டி இரண்டு தரம் செய்து காட்டினேன். சரியாக வரவில்லை, இன்னொரு தரம் செய்தேன். அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு சின்னதா?" என்றான்.