முத்தோரை மலையும் எங்கள் ஊர்ப் பிறையும்

கல்முனையிலிருந்து கொழும்பு, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி ஏறியது பூங்கா பார்க்கவல்ல. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை என்ற ஊரில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது.

மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது அது: நீளம் 530 மீற்றர், அகலம் 30 மீற்றர். வளைந்த இரும்புச் சட்டங்கள் 24. அவற்றின்மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய் நின்றால் கம்பிகளின் இடைவெளியில் அப்பால் உள்ள மரமும் மேகமும் தெரிகின்றன. ஆனால் தொலைநோக்கி பிடிக்கும் அலையின் நீளம் ஏறக்குறைய ஒரு மீற்றர். அந்த அலைக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. கம்பியில் பட்டுத் திரும்பிவிடும்.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காகக் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு 1970இல் இதைக் கட்டி முடித்தது. அவ்விடத்தின் அட்சரேகை 11 பாகை. மலையின் சரிவும் அதே 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றிக்கொண்டே ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். பெரும் பணமில்லாத ஒரு நாடு இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தே பாதி வேலையை முடித்திருக்கிறது!

வெகு தொலைவில் ஒளிரும் விண்மீன் மண்டலக் கருவான குவேசாரிலிருந்து வரும் ரேடியோ அலை மிக மெலிந்தது. அதை அளக்கும் அலகு ஜான்ஸ்கி: ஒரு சதுர மீற்றரில், ஒரு ஹேர்ட்ஸுக்கு, தசமப் புள்ளிக்குப் பின் 25 சுழியும் ஓர் ஒன்றும் போட்டால் வரும் வாட். இந்த அலை வரும் இடத்தையும் பொருளின் அளவையும் அறிய உதவியது சந்திரன். அதன் விளிம்பு மறைக்கும்போது, சிறிய பொருளின் அலை சட்டென்று அறும். அகன்ற பொருளின் அலை மெல்லக் குறையும். 1962இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸில் இப்படித்தான் 3சி 273 என்ற குவேசாரின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கண்டார்கள். மறு ஆண்டு மார்ட்டின் ஷ்மிட் அதன் தூரத்தைக் கணித்தார். இன்றைய கணக்கில் அது 200 கோடி ஒளியாண்டுக்கும் மேல். ஊட்டித் தொலைநோக்கியே இந்தச் சந்திர மறைப்பு முறைக்காகக் கட்டியதுதான்.

சந்திரன் எங்கள் கல்முனைக்கும் பழக்கமானதுதான். எங்களுக்குக் கடல் கிழக்கே. ரமழான் பிறை பார்க்க நாங்கள் கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே வயல்வெளிப் பக்கம் நிற்போம். பிறையின் கணக்கு தெரிந்த சமூகம் எங்களுடையது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பெரிய தொலைநோக்கி இல்லாவிட்டாலும் வியாழன் கோளின் ரேடியோ அலையை நீளமான இரண்டு கம்பி அன்டெனாவும் ஒரு சிற்றலை வாங்கியும் கொண்டே பிடிக்கலாம். நம் ஆசிரியர்கள் பிள்ளைகளை அந்த வேலையில் இறக்கிவிட வேண்டும். முடிந்தால் ஒருமுறை முத்தோரைக்கும் கூட்டிச் செல்ல வேண்டும்.