கிளினிக் கொப்பியும் ஊரடங்கும்

2020 மார்ச் 18ஆம் திகதி பின்னேரம் நாலரை மணிக்கு எங்கள் புத்தளம் மாவட்டத்துக்கும் கொச்சிக்கடைப் பொலிஸ் பிரிவுக்கும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். நாடு முழுவதற்கும் அது வந்தது 20ஆம் திகதிதான். நாங்கள் இரண்டு நாள் முந்தியதற்குக் காரணம் இத்தாலி. வென்னப்புவ, மாரவில, நாத்தாண்டியப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே உழைக்கிறார்கள். அங்கே கொவிட் நோய் பரவியதும் ஊர் திரும்பியவர்களில் சிலர் அதிகாரிகளிடம் பதியாமல் இருந்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து, மார்ச் 28ஆம் திகதி, நாட்டின் முதலாவது கொவிட் மரணம் ஐ.டி.எச். தொற்றுநோய் வைத்தியசாலையில் நடந்தது. இறந்தவர் மாரவிலக்காரர், சீனி வருத்தம் உள்ளவர் என்று வானொலி சொன்னது.

இந்தக் கரையில் சீனியும் பிரஷரும் உள்ள எங்களுக்கு அந்தச் செய்தியில் மற்றதெல்லாம் மறந்துபோய், ‘சீனி வருத்தம்’ மட்டும் காதில் நின்றது. அடுத்த கிளினிக் நாளுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி அன்றிரவே வீட்டுக்கு வீடு எழுந்தது. பிள்ளைகள் “வேணாம் வாப்பா” என்றார்கள். கிழவர்களுக்கோ குளிசை முடிந்தால் என்ன செய்வது என்ற கவலை.

அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட வேண்டும். கற்பிட்டியிலிருந்து புத்தளம் 40 கிலோமீட்டருக்கு மேல். நம்பர் எடுத்து, வாங்கில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, பிரஷர் பார்த்து, டொக்டரிடம் இரண்டொரு நிமிடம் பேசி, பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர், வெங்காயத் தோட்டக்காரர், வலை இழுப்பவர் என்று எல்லோரும் ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். பணம் வாங்காமல் நாடு எங்களுக்குச் செய்யும் பெரிய உதவி அது. அதே வாங்கு, அதே நெருக்கம், மூச்சுக்காற்றில் பரவும் நோய் வந்தால் எவ்வளவு ஆபத்து என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே போகப் பயந்தவர்களை நான் ஒருபோதும் கோழைகள் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ‘போவதா, வேண்டாமா’ என்று ஒரே வெட்டாகக் கேட்டதில்தான் பலர் அகப்பட்டுக்கொண்டார்கள். சோழகக் காற்றில் கடல் கொதிக்கும் நாளில் எங்கள் மீனவன் தொழிலை நிறுத்துவதில்லை, களப்புப் பக்கம் போய் வலை விடுவான். கிளினிக் நாளையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். குளிசை வாங்குவது ஒரு வேலை. பிரஷர் பார்ப்பது இன்னொன்று. இரத்தப் பரிசோதனை வேறு. டொக்டர் உடம்பைக் கண்ணால் பார்ப்பது எல்லாவற்றிலும் வேறு. இவற்றில் எது வீட்டிலிருந்தே நடக்கும், எது ஒரு மாதம் பிந்தலாம், எது ஒரு நாளும் பிந்தக்கூடாது என்பதுதான் கேள்வி.

முதல் வேலையை அரசாங்கமே பிரித்துக் கொடுத்தது. அந்த ஏப்ரலில் கிளினிக் நோயாளர்களின் மருந்தைத் தபால் திணைக்களம் வழியாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எனக்கு வந்த உறை இன்னும் நினைவிருக்கிறது. மண்ணிறக் கடித உறை. மேலே பெயர், கிளினிக் இலக்கம், விலாசம். உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பைகள், ஒவ்வொன்றிலும் காலைக்கு எத்தனை, இரவுக்கு எத்தனை என்று பேனையால் எழுதியிருந்தது. மெட்ஃபோமின் ஒரு பை, லொசாட்டன் ஒரு பை. தபால்காரர் மாஸ்க் போட்டுக்கொண்டு படலையில் நின்று கூப்பிட்டார். யாரோ ஓர் ஊழியர் என் கிளினிக் கொப்பியின் விவரத்தைத் தேடி எடுத்து, எண்ணிப் போட்டு, ஒட்டி அனுப்பியிருக்கிறார். ஊரே கதவடைத்துக் கிடந்த நாட்களில் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நான் இன்றும் துஆச் செய்கிறேன்.

ஆனால் அந்த உறை எல்லார் வீட்டுக்கும் போகவில்லை. கொடுத்திருந்த விலாசம் பழையது, தொலைபேசி இலக்கம் மாறிவிட்டது, வாடகை வீடு மாறியாயிற்று. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்த முஸ்லிம்களில் பலர் முகாம்களிலும் பிறகு குடியிருப்புகளிலும் இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள். அவர்களின் விலாசம் எழுத்தில் ஒன்று, இருப்பில் ஒன்று. இன்சுலின் போடுகிறவர்களின் பாடு தனி. குளிரில் வைக்க வேண்டிய மருந்தைக் கடிதம்போல அனுப்ப முடியாது.

உறை வராதவர்கள் செய்த காரியம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இருக்கிற குளிசையை நீட்டிப் பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார்கள், சிலர் பாதியாக உடைத்துப் போட்டார்கள். பிரஷருக்கு வலி கிடையாது, ஏறினாலும் அது உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாது. சீனியும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் “ஒண்டும் செய்யல்லியே, நல்லாத்தானே இரிக்கிறன்” என்று ஒரு மாதம், இரண்டு மாதம் ஓடிவிடும். வைத்தியரைக் கேட்காமல் குளிசையைக் குறைப்பது கிளினிக் வாங்கில் இருப்பதைவிடச் சிறிய ஆபத்து என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இது எங்கள் கரையின் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் 155 நாடுகளில் விசாரித்தது. 53 சதவீத நாடுகளில் உயர் இரத்த அழுத்தத்துக்கான சிகிச்சை பகுதியாகவோ முழுதாகவோ தடைப்பட்டிருந்தது. நீரிழிவுக்கு அது 49 சதவீதம். மாரடைப்புப்போன்ற அவசர நிலைகளுக்கே 31 சதவீதம். நோய்த்தொற்றைத் தப்பியவர்களில் எத்தனை பேரை அந்தத் தடை கொண்டுபோயிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

எங்களுக்கு இதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் காலத்தைப் பற்றி எழுதினால் உண்மை பாதிதான் வரும். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களாகிய எங்கள் குரலும், அடக்கம் செய்ய விரும்பிய கத்தோலிக்கச் சகோதரர்களின் குரலும் எடுபடவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் ஜனாஸா கொழும்பில் எரிக்கப்பட்டபோது, ஆஸ்பத்திரி வாசல் எங்கள் கிழவர்களுக்கு வேறொரு வாசலாகத் தெரிந்தது.

எங்கள் தெருவில் ஒரு மீனவர், அறுபதைத் தாண்டியவர். களப்பில் இறங்கியபோது சிப்பி கிழித்துக் காலில் காயம். சீனியால் பாதம் மரத்துப்போனவருக்கு வலி தெரியாது. மனைவி உப்புத் தண்ணீரால் கழுவித் துணி சுற்றினாள். இரண்டு வாரத்தில் விரல் கறுத்து வாடை வந்தது. நான் போய்ப் பார்த்தேன். “சேர், அங்க போய் மௌத்தானா என்ட மையத்த எரிச்சிருவாங்க. நான் வீட்டுலயே கெடக்கிறன்” என்றார். பயந்தது கிருமிக்கல்ல, தன் மையத்துக்கு. அந்தப் பயத்துக்கு மருத்துவக் காரணம் சொல்லிப் பயனில்லை.

பேரனின் போனில் காலைப் படம் எடுத்துத் தெரிந்த டொக்டர் ஒருவருக்கு அனுப்பினோம். நாளைக்கே கொண்டுவரச் சொன்னார். அன்றிரவு பள்ளிவாசல் மௌலவி வந்து அவருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். உயிர் அல்லாஹ்வின் அமானிதம், அதைக் காப்பது முதற்கடமை, அதன் பிறகு நடப்பதற்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல என்று. விடியற்காலையில் மருமகன் திரீவீலில் கூட்டிப்போனான். இரண்டு விரல் போனது, கால் தப்பியது. இன்றும் வலை பொத்துகிறார். கால்காயம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் இழுத்தல், கண் திடீரென்று மங்குதல் இவையெல்லாம் தபாலுக்குக் காத்திருக்காதவை.

எரிக்கும் கட்டாயம் 2021 பெப்ரவரி இறுதியில் நீங்கியது. மார்ச் 5ஆம் திகதியிலிருந்து மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. புத்தளத்து மையத்தும் நாட்டின் மறுகரைக்குப் போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. வரவேற்கிறேன். ஆனால் மருத்துவத்தோடு சம்பந்தமில்லாத ஓர் உத்தரவு, மக்களை மருத்துவத்திடமிருந்தே விரட்டும் என்பதைச் சுகாதாரக் கொள்கை எழுதுகிறவர்கள் இதிலிருந்து படிக்க வேண்டும். சனம் ஆஸ்பத்திரியை நம்பினால்தான் காய்ச்சலைச் சொல்லும், தொடர்பைச் சொல்லும். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தைத் தொற்று வந்தபோது மீன் விலை விழுந்து, லொறியில் போய் வந்த எங்கள் பையன்கள் காய்ச்சலை வெளியே சொல்லக் கூசினார்கள். அங்கேயும் வேர் அதே அவநம்பிக்கைதான்.

பிறகு தடுப்பூசி வந்தது, கிளினிக் மெல்லத் திரும்பியது. 2022இல் பெட்ரோலும் மருந்தும் இல்லாமல் போனபோது அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. அப்போது எங்கள் தெருவில் நாலு பேர் ஒரு திரீவீலில் கூடிப் போனோம். நடக்க முடியாதவர்களின் கொப்பியைக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்தோம்.

இப்போது நான் சந்திக்கிற ஒவ்வொரு கிளினிக் நோயாளரிடமும் கேட்பது இதைத்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கிளினிக் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். இன்று இருக்கும் வீட்டின் விலாசத்தைக் கிராம உத்தியோகத்தர் பிரிவோடு எழுதிக் கொடுங்கள். குளிசையின் பெயரும் மில்லிகிராமும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியட்டும். குளிசை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே போன் எடுங்கள், தீர்ந்த அன்றல்ல. தெருவுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்கலாம், பள்ளிவாசலோ கோயிலோ மாதா கோயிலோ நினைத்தால் அது பெரிய செலவல்ல.

ஒன்று பாக்கி. பத்தலங்குண்டுத் தீவிலும் உச்சமுனைத் தீவிலும் சீனி வருத்தக்காரர் இருக்கிறார்கள். தபால்காரரின் சைக்கிள் கடலைக் கடக்காது. அவர்களின் மருந்து கற்பிட்டி இறங்குதுறையில் எந்தப் படகில், யார் கையில் ஏறும், காயம் பட்டவரை எந்தப் படகு இக்கரைக்குக் கொண்டுவரும் என்பதை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகமும் மீனவர் சங்கமும் இப்போதே உட்கார்ந்து பேசி எழுதிவைக்கட்டும். கற்பிட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் அதற்கான கடிதத்தைத் தயாரிக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலிலோ, ஞாயிறு பூசைக்குப் பிறகு மாதா கோயில் முற்றத்திலோ எங்களைச் சந்திக்கலாம்.