கல்லுக்குத் தாங்கியது, மணலுக்குத் தாங்கவில்லை

மேஸ்திரி சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். கூடவே ஒரு சாவியும் வந்தது. அதை மட்டும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். கழற்றிச் சாய்த்து வைத்திருந்த தகட்டில் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தார். அது சறுக்கித் தரையில் விழுந்தது.

"ஒட்டல பாருங்க தம்பி. மாங்கனீஸ் எஃகு. கல் கிரஷர்ல போடற சரக்குங்க இது."

கோவை கணபதியைத் தாண்டி ஒரு நடுத்தர பவுண்டரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உலை அணைந்திருந்தது. மணல் கலக்கும் மல்லரைத் திறந்து, தேய்ந்துபோன லைனர் தகடுகளைக் கழற்றிப் புதியவை பூட்டும் நாள். 1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு இந்த ஊரில் பெருகிய மோட்டாருக்கும் பம்புக்கும் உடல் வார்த்தவை இப்படிப்பட்ட பட்டறைகள்தாம். உருகிய இரும்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் மணலைப் பார்க்கப் போயிருந்தேன்.

வார்ப்புக்காரர்கள் இதைப் பச்சை மணல் என்பார்கள். நிறம் பச்சை அல்ல, நல்ல கறுப்பு. சூளையில் வைக்காத செங்கல்லைப் பச்சைச் செங்கல் என்கிறோமே, அந்தப் பச்சை. சிலிக்கா மணல், அதில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்துப் பங்கு பெண்டோனைட் களிமண், கொஞ்சம் நிலக்கரித்தூள், மூன்று நான்கு பங்கு தண்ணீர். இவற்றைச் சும்மா கிளறினால் போதாது. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் களிமண் மெல்லிய சட்டைபோலப் படியவேண்டும். அதற்காகத்தான் மல்லரின் கனமான சக்கரங்கள் மணலை அழுத்தித் தேய்க்கின்றன; பின்னாலேயே வரும் பிளேடுகள் அதை வழித்துப் புரட்டிப் போடுகின்றன.

களிமண் சட்டை போடுகிற அதே தேய்ப்பு, தொட்டியின் தரையையும் சுவரையும் தின்கிறது. தொட்டியைக் காப்பாற்ற உள்ளே பூட்டும் தகடுதான் லைனர். அடி வாங்குவதற்கென்றே பிறந்த உறுப்பு.

இந்தப் பட்டறையில் போன தடவை மாங்கனீஸ் எஃகு போட்டிருக்கிறார்கள். யோசனை எளிமையானது: சுற்றுவட்டாரக் குவாரிகளில் கருங்கல்லையே நொறுக்கும் தாடைத் தகடுகள் மாங்கனீஸ் எஃகுதான், கல்லுக்கே தாங்குவது மணலுக்குத் தாங்காதா? கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். ஆனால் தகடு தாங்கவில்லை.

மேஸ்திரி என் விரலைப் பிடித்துத் தகட்டின் மேல் ஓட்டினார். பள்ளம், குழி எதுவும் இல்லை. ஒரே திசையில், சீப்பால் வாரியதுபோல் நெருக்கமான மெல்லிய கோடுகள். "அடி பட்டிருந்தா குழி விழுந்திருக்கோணும். இங்க அடியே இல்லீங்க. வெறும் உரசல்."

மொத்தக் கதையும் அந்தக் கோடுகளில் இருக்கிறது. 1882இல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் உருவாக்கிய இந்த எஃகில் பன்னிரண்டு விழுக்காடு அளவுக்கு மாங்கனீஸ். பிறவியில் இது மெத்தென்றதுதான். விக்கர்ஸ் கடின அளவில் சுமார் 200. சம்மட்டி அடிபோல அடி விழ விழ மேல்தோல் இறுகி, இரண்டு மடங்குக்கும் மேல் கடினமாகும். கிரஷரில் அந்த அடி கிடைக்கிறது. மல்லரில் கிடைப்பதில்லை. அடி இல்லாததால் அது இறுகவே இல்லை. 200லேயே நின்று, 1,000ஐத் தொடும் குவார்ட்ஸ் மணலிடம் தோற்றுப்போனது.

இப்போது வந்திருப்பது உயர் குரோமியம் வெள்ளை வார்ப்பிரும்பு. நூற்றுக்கு 25 பங்கையொட்டி குரோமியம், மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன். உருகி உறையும்போது இதனுள் குரோமியம் கார்பைடு பரல்கள் விளைகின்றன. அவற்றின் கடினம் 1,200க்கு மேல், அதாவது மணலைவிடக் கூடுதல். சிமென்ட் தேய்ந்தாலும் ஜல்லி விட்டுக்கொடுக்காத பழைய தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிக்கல் வெள்ளை வார்ப்பிரும்பிலும் கார்பைடு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இரும்புக் கார்பைடு, கடினத்தில் மணலுக்கு ஏறக்குறைய சமம். சமமானவர்கள் மல்லுக்கட்டினால் இருவருமே தேய்வார்கள்.

அப்படியென்றால் எல்லா இடத்துக்கும் உயர் குரோமியமே போதுமா என்று கேட்டேன். மேஸ்திரி தலையசைத்து மறுத்தார். தொட்டிக்குள் மூன்று ஊர் இருக்கிறது என்றார். தரை: சக்கரத்தின் கனத்தோடு மணல் உரசும் இடம், அங்கே தடித்த உயர் குரோமியத் தகடு. சுவர்: தேய்மானம் குறைவு, ஆனால் ஈர மணல் அப்பிக்கொள்ளும், அங்கே வழவழப்புதான் முக்கியம். பிளேடு நுனி: எல்லாவற்றையும்விட வேகமாகக் கரையும் இடம்; அங்கே டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்தால் செலவுக்குத் தகும். அலுமினா ஓடு இன்னும் கடினம்தான். ஆனால் திரும்பி வரும் பழைய மணலில் காந்தப் பிரிப்பானுக்குத் தப்பிய ஓர் ஆணித்துண்டு இருந்தால் ஓடு சில்லாகிவிடும்.

கடினம் கூடக் கூட முறிவும் நெருங்குகிறது. அதைக் கண்ணாலேயே பார்த்தேன். பிகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் புதுத் தகட்டை இருக்கையில் வைத்து போல்ட்டை முறுக்கினார். "தீரே, தீரே" (மெதுவா, மெதுவா) என்று மேஸ்திரி சொல்லி வாய் மூடவில்லை, 'டிக்' என்று ஒரு சத்தம். மயிரிழை விரிசல். கழற்றிப் பார்த்தால், கீழே சுண்டைக்காய் அளவு பழைய மணல் கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. வளைந்துகொடுக்கத் தெரியாத உலோகம் அது. பிறகு மேஸ்திரியே கம்பி பிரஷ்ஷும் துணியுமாகக் குனிந்து ஒவ்வோர் இருக்கையையும் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இளைஞரைத் திட்டவில்லை. கையைப் பிடித்து, தடவச் சொல்லிக் கொடுத்தார்.

எனக்கு ஆற்றாமை வந்த இடம் இதுதான். லைனர் வாங்கும் மேஜையில் பெரும்பாலும் இரண்டே கேள்வி: கடினம் எவ்வளவு, கிலோ என்ன விலை? பழைய தகடு எங்கே, எப்படித் தேய்ந்தது என்பதை அறிந்த விரல்கள் பட்டறைக்குள் இருக்கின்றன. அந்த விரல்களை யாரும் மேஜைக்குக் கூப்பிடுவதில்லை. கழற்றிய தகட்டைப் பழைய இரும்போடு போடும் முன், நாலு இடத்தில் தடிமனை அளந்து சாக்பீஸால் அதன் மேலேயே எழுதி, வாங்குபவர் கண்முன் வைத்தால் போதும். அடுத்த தகட்டுக்கு அதைவிட நல்ல விவரக் குறிப்பு கிடையாது.

தவறான தேர்வின் விலை தகட்டோடு முடிவதும் இல்லை. தரை தேயத் தேய பிளேடுக்கும் தரைக்கும் இடையே சந்து விழுகிறது. அந்தச் சந்தில் புரளாத மணல் இறுகிக் கிடக்க, கலவை ஒருபோல் வராது. மோல்டிங்காரருக்குத்தான் அது முதலில் தெரியும். பிறகு வார்ப்பின் மேல் மணல் பெயர்ந்த தழும்பாக எல்லோருக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. லைனர் மாற்ற ஓர் ஆள் தொட்டிக்குள் இறங்கவேண்டும். காற்றோட்டமில்லாத இரும்புக் குழிக்குள், சிலிக்காத் தூசியில், இயந்திரத்தின் சக்கரங்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து வேலை. ஒரு தகடு இரு மடங்கு உழைத்தால், அந்த ஆள் இறங்கும் தடவை பாதியாகக் குறைகிறது. உலோகத் தேர்வு என்பது அந்த மனிதனின் நுரையீரலைப் பற்றிய முடிவும்தான்.

சாயங்காலம் வேலை முடிந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். மேஸ்திரி வாய்விட்டு எண்ணினார்: மூணு பேர், மூணு முகமூடி. பிறகு தொட்டிக்குள் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்தார். காலையில் காந்தத்தோடு வெளியே வந்த சாவியை அதன் பிறகுதான் பையிலிருந்து எடுத்தார். மல்லரின் மின்பெட்டியைப் பூட்டியிருந்த சாவி அது. நாள் முழுக்க அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

மல்லர் சுற்றியது. முதல் கலவையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, இரண்டாக முறித்து என்னிடம் நீட்டினார். முறிந்த விளிம்பு உதிரவில்லை. அவருடைய ஐந்து விரல்களின் தடமும் அந்தக் கறுப்பு மணலில் தெளிவாகப் பதிந்திருந்தது.